ஒரு லட்சத்துக்கு எந்த லெப்டொப்: புதுப்பெட்டியா, பாவித்ததா, லினக்ஸா?

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வந்து, பிள்ளை வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ போகப்போகிறது என்பது உறுதியானதும் வீட்டில் அடுத்த பேச்சு லெப்டொப்தான். அப்பா ஒரு லட்சம் ஒதுக்கியிருப்பார். சீட்டுக்காசு விழுந்தால் கொஞ்சம் கூட்டலாம். அந்தக் காசுக்குள் மூன்று வழி இருக்கிறது. மட்டக்களப்பு திருமலை வீதிக் கடைகளில் புதுப்பெட்டி உடைத்து வாங்குவது ஒன்று. கல்முனையிலோ காத்தான்குடியிலோ, வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பாவித்த மெஷினைப் பார்த்து எடுப்பது இன்னொன்று. மூன்றாவது, லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் மாமா "இங்க ஒண்டு சும்மா கிடக்கு, அனுப்பிவிடுறன்" என்று சொல்வது.

வின்டோஸா, இலவச இயங்குதளமான லினக்ஸா என்ற வாக்குவாதம் இதற்கெல்லாம் பிறகு வரவேண்டியது. ஆனால் கொம்பியூட்டர் தெரிந்த அண்ணன் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அதுதான் முதலில் தொடங்கும். அரைமணித்தியாலம் போனபிறகும் எந்த மெஷின் என்ற பேச்சே எடுபட்டிருக்காது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் காசுக்குப் பாவித்த பிஸ்னஸ் லெப்டொப்தான் வாங்கவேண்டும், அதில் வின்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸும் இருக்கவேண்டும். விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

புதுப்பெட்டி பிடிப்பது ஏன் என்று எனக்கு விளங்குகிறது. ஒரு வருட உத்தரவாதம், மாதத் தவணை, கூடவே ஒரு பை, முக்கியமாகப் பிள்ளைக்குப் புதுசு வாங்கிக் கொடுத்த திருப்தி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் கதை வேறு. இந்த விலைப் படியில் வருபவை பெரும்பாலும் இன்டெல்லின் மலிவு ப்ரொசஸரான செலரோன் என்4020 அல்லது என்4500 போட்டவை. இரண்டிலும் இரண்டே கோர்கள், அதாவது கணக்குப் போடும் மூளைகள். 4 ஜிபி ரேம், 128 ஜிபி இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பகம், 1366க்கு 768 திரை. என்4020 வெளிவந்தது 2019ல். செலரோன், பென்டியம் என்ற பெயர்களை இன்டெல் 2023ல் லெப்டொப்களிலிருந்து எடுத்துவிட்டு, வெறுமனே 'இன்டெல் ப்ரொசஸர்' என்று போடத் தொடங்கியது. அதனால் பெட்டியில் செலரோன் என்ற சொல் இல்லை என்று ஆறுதல்பட வேண்டாம், மொடல் இலக்கத்தைப் பாருங்கள். என்100 என்று இருந்தால் நான்கு கோர்கள். அதோடு 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகமும் இருந்தால் அந்தப் புதுப்பெட்டியை நான் குறை சொல்லமாட்டேன்.

வின்டோஸ் 11க்கு ஆகக்குறைந்தது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் வேண்டும் என்கிறது மைக்ரோசொஃப்ட். அந்த அளவில் மெஷின் எழும்பும், அவ்வளவுதான். ஸூமில் விரிவுரை ஓட, குரோமில் நாலைந்து பக்கம் திறந்திருக்க, வேர்டில் ஒப்படை எழுதிக்கொண்டிருந்தால் 4 ஜிபி மூச்சுமுட்டும். சரி, பிறகு ரேம் கூட்டலாம் என்றால் அதுவும் பலவற்றில் முடியாது. ரேம் போர்டோடு ஒட்டியிருக்கும், இஎம்எம்சியும் அப்படித்தான். இன்று குறைவாக வாங்கியதை நாளைக்கு நிமிர்த்த வழியில்லை என்பதுதான் இந்த வகை மெஷினில் என் முதல் குற்றச்சாட்டு. அப்புறம் உத்தரவாதம். திருத்தம் எங்கே நடக்கும் என்று கடையில் கேளுங்கள். கொழும்பு என்று பதில் வந்தால், பரீட்சைக் காலத்தில் மெஷின் பஸ் ஏறிப் போய்விட்டுத் திரும்பும்வரை பிள்ளை என்ன செய்யும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பாவித்த லெப்டொப்களுக்கு வருவோம். இந்த வியாபாரத்தை 2018 என்ற ஆண்டு இரண்டாகப் பிரித்துவிட்டது. வின்டோஸ் 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறை ப்ரொசஸரிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. அந்தத் தலைமுறையோடு 2018ல் வந்தவை லெனோவோ திங்பேட் டி480, டெல் லட்டிடியூட் 7490, எச்பி எலீட்புக் 840 ஜி5. அதற்கு முந்திய வருடத்து டி470, 7480, 840 ஜி4 மூன்றும் கோட்டுக்கு அந்தப் பக்கம். வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ல் முடிந்தது. தனியாட்களுக்கு நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2026 ஒக்டோபர் 13 வரைக்கும்தான். அதனால் உலகம் முழுக்க நிறுவனங்கள் அந்தப் பக்கத்து மெஷின்களைத் தள்ளிவிடுகின்றன.

இது நியாயமா என்று தொழில்நுட்ப உலகில் நடக்கும் சண்டையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. டிஸ்கைப் பூட்டும் சாவியைத் தனிச் சில்லில் வைத்தால் திருடுபோன மெஷினிலிருந்து தரவை எடுப்பது கடினம் என்பது சரியான வாதம். ஆனால் டி470 போன்ற பல ஏழாம் தலைமுறை மெஷின்களில் டிபிஎம் 2.0 ஏற்கெனவே இருக்கிறது. ப்ரொசஸர் பட்டியலில் இல்லை என்பதற்காகத்தான் அவை வெளியே நிற்கின்றன. அதே ஏழாம் தலைமுறை லெப்டொப் சில்லுகளில் கோர் ஐ7-7820எச்கியூ என்ற ஒன்றுக்கு மட்டும் மைக்ரோசொஃப்ட் பிறகு இடம் கொடுத்தது. அது எதில் இருக்கிறது தெரியுமா? மைக்ரோசொஃப்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2ல். இதைப் பார்த்தபிறகு எல்லாம் பாதுகாப்புக்காகத்தான் என்று நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

லினக்ஸுக்கு இந்தக் கோடு தெரியாது. ஏழாம் தலைமுறை மெஷினிலும் ஆறாம் தலைமுறையிலும் அது ஒரு முனகலும் இல்லாமல் ஓடும். அப்படியென்றால் மலிந்துபோன டி470 ஐ வாங்கி லினக்ஸ் போட்டுவிடலாமே? காசு உண்மையிலேயே முட்டினால் செய்யலாம். ஆனால் விலை வித்தியாசம் சின்னதென்றால் எட்டாம் தலைமுறைக்கே போங்கள், அதற்குக் காரணம் வின்டோஸ் இல்லை. ஏழாம் தலைமுறை ஐ5-7200யூவில் இரண்டு கோர், ஐ5-8250யூவில் நான்கு. இன்டெல் இந்த வகைச் சில்லில் பல வருடம் இரண்டு கோரிலேயே இழுத்தடித்துவிட்டு ஒரேயடியாக இரட்டிப்பாக்கிய இடம் அது.

ஏழாம் தலைமுறை மெஷினைக் காட்டி "வின்டோஸ் 11 போட்டுத் தாறன்" என்று கடையில் சொன்னால் அது பொய்யில்லை, போடலாம்தான். ஆனால் சோதனையைச் சுற்றிக்கொண்டு போட்டது அது. புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் அதற்குப் பொறுப்பு ஏற்பதில்லை.

பாவித்தது வாங்கப் போகும்போது கையில் ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள். லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டின் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் அதைப் பென் டிரைவில் ஏற்றலாம். அதைச் செருகி மெஷினைத் தொடங்கினால், டிஸ்கைத் தொடாமலேயே முழு இயங்குதளமும் எழும்பும். லினக்ஸ் பிடிக்காதவர்களும் இதற்காகவாவது அதை வைத்திருக்கவேண்டும்.

"நானா, பெட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?"

"மூணு மணித்தியாலம் நிக்கும் தம்பி, பயப்படாதீங்க."

கடைக்கார நானா நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனாலும் மின்ட்டில் பெட்டரிக் கணக்கைத் திறந்து பாருங்கள். செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் வாட்-மணியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். டி480ல் இரண்டு பெட்டரி: உள்ளே 24 வாட்-மணி, வெளியே கழற்றக்கூடிய ஒன்று. 24 என்று இருக்கவேண்டிய இடத்தில் 11 இருந்தால், பெட்டரி மாற்றும் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதே அமர்வில் வைஃபை பிடிக்கிறதா, கமரா, ஸ்பீக்கர், ஒவ்வொரு விசையும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்க விரித்தால் கறையும் நிழலும் தெரிந்துவிடும்.

பிறகு, மெஷின் எழும்பும்போதே திறக்கும் அமைப்புப் பக்கமான பயோஸுக்குள் போங்கள். பழைய நிறுவனம் போட்ட கடவுச்சொல் அங்கே நின்றால் அந்த மெஷினை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். திங்பேட்டின் சூப்பர்வைசர் கடவுச்சொல், சின்ன பெட்டரியைக் கழற்றிப் போட்டால் போகிற சாதியில்லை. வின்டோஸைப் புதிதாகப் போடும்போது முன்பின் தெரியாத ஒரு கம்பனியின் பெயரில் உள்நுழையச் சொன்னாலும் அதே முடிவுதான். டி480 வாங்குபவர்களுக்கு இன்னொன்று. அது சார்ஜ் ஆவது யூஎஸ்பி-சி வழியாக மட்டும். அந்தக் காலத்துத் திங்பேட்களில் தண்டர்போல்ட் என்ற வேக யூஎஸ்பி-சி துளையின் உள்மென்பொருளில் ஒரு பிழை இருந்து, நாளடைவில் அந்தத் துளையே செத்துப்போகும். லெனோவோ திருத்தம் வெளியிட்டது, ஆனால் உங்கள் கைக்கு வரும் மெஷினில் அது போடப்பட்டதா என்பதை நீங்கள்தான் பார்க்கவேண்டும். இரண்டு யூஎஸ்பி-சி துளையிலும் சார்ஜரை மாறிமாறிச் செருகிப் பாருங்கள். கல்லடி, பாசிக்குடா, மருதமுனை மாதிரிக் கடலோரத்தில் வீடென்றால் துளைகளுக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. உப்புக்காற்றில் கிடந்த மெஷின் அங்கேதான் முதலில் பச்சை பிடிக்கும்.

இனி இயங்குதளம். லினக்ஸில் எது என்று தேடினால் நூறு பெயர் வரும். மின்ட் போடுங்கள், முடிந்தது. வின்டோஸ் 7 பழகியவருக்கும் வழி தெரியும். இப்போதுள்ள 22 வரிசை உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் கட்டியது, 2029 வரை ஆதரவு உண்டு. போனில் ஹொட்ஸ்பொட் போட்டுப் படிக்கும் பிள்ளைக்கு இதில் ஒரு வசதி, புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நீங்கள் அழுத்தும்வரை அது காத்திருக்கும். உயர்தர ஐசிடியில் பைதன் படிக்கும் பிள்ளைக்கு அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஸூமுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. பல்கலைக்கழகங்களின் மூடில் என்ற பாடப் பக்கம் பிரவுசரில் திறப்பதால் எதில் பார்த்தாலும் ஒன்றுதான்.

தமிழ் தட்டச்சைப் பற்றி வெளியூர்க் கட்டுரைகள் எழுதுவதில்லை, நமக்கு அது பெரிய விஷயம். யூனிகோடுக்கு மின்ட்டில் ஐபஸ், எம்17என் என்ற இரண்டு தட்டச்சு மென்பொருள்களையும் போட்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு என்பவற்றோடு இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் பட்டியலில் வரும். சிக்கல் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவான பாமினியில். நம் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பழைய கோப்புகள் பாதி இன்னும் அதில்தான் இருக்கின்றன. எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் 'தமிழ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்து வரிசை நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை. பாமினி வெறும் எழுத்துருக் கோப்பு, லினக்ஸிலும் நகல் எடுத்துப் போட்டால், வேர்டுக்கு மாற்றான லிப்ரே ஒஃபிஸில் வாசிக்கலாம், அடிக்கலாம். ஆனால் அட்டவணைகள் நெருக்கி அடித்த வேர்ட் படிவங்கள் லிப்ரே ஒஃபிஸில் வரி குலைந்து வரும் வாய்ப்பு இருக்கிறது. திணைக்களத்துக்குத் திருப்பி அனுப்பவேண்டிய படிவமென்றால் வின்டோஸில் வேர்டைத் திறந்துவிடுவதுதான் புத்தி.

படித்துக்கொண்டே அச்சகத்தில் வேலை செய்கிற பிள்ளை, அதாவது திருவிழா நோட்டீஸும் கல்யாணக் கார்டும் கண்ணீர் அஞ்சலியும் அடிக்கிற பிள்ளை, லினக்ஸை மறந்துவிடலாம். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001ல் வந்தது. ஆனாலும் அச்சகங்கள் அதை விடவில்லை. ஃபோட்டோஷொப்புக்கும் கோரல் ட்ரோவுக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. பொறியியல் வரைபுக்கான ஓட்டோகேடுக்கும் இல்லை, நில வரைபடத்துக்கான ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவுக்கும் இல்லை. ஒலுவிலில் பொறியியல் படிக்கப் போகிறவர் வின்டோஸ் பகுதியைக் கட்டாயம் வைத்திருக்கவேண்டும். வரைபட வேலைக்குக் கியூஜிஐஎஸ் லினக்ஸில் நன்றாக ஓடும், ஆனால் விரிவுரையாளர் எதில் காட்டுகிறாரோ அதில் பழகுவதுதான் பரீட்சைக்கு உதவும். வலொரன்ட் விளையாடுபவர்களுக்கும் லினக்ஸில் வழியில்லை, அதன் ஏமாற்றுத் தடுப்பு அங்கே ஓடாது. அவர்கள் அதை வீட்டில் காரணமாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்டறியவேண்டும்.

வீட்டில் பிரின்டர் இருந்தால் அதன் பெயரையும் பாருங்கள். எச்பி பெரும்பாலும் செருகியதும் பேசும். கடைகளில் எங்கும் காணப்படும் கெனன் எல்பிபி2900 லினக்ஸில் வேலை செய்யவைப்பது பெரும்பாடு.

இணையத்தில் லினக்ஸ்காரர்கள் தங்களுக்குள் போடும் சண்டைகளைப் பார்த்துப் பயந்து பின்வாங்கியவர்களும் இருக்கிறார்கள். மெஷின் எழும்பும்போது மற்றதையெல்லாம் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி வேண்டுமா வேண்டாமா என்று 2014ல் டெபியன் என்ற லினக்ஸுக்குள் மூண்ட சண்டையில் ஒரு கூட்டம் பிரிந்து டெவுவான் என்று தனியே போனது. உபுண்டுவின் மென்பொருள் நிறுவும் முறையான ஸ்னாப்பை மின்ட் 2020ல் தடுத்தது. இப்போது திரையில் காட்டும் முறைகளான எக்ஸ்11, வேலண்ட் இரண்டுக்கும் இடையில். சுவாரசியமான சண்டைகள், நானும் வாசிப்பேன். ஆனால் ஒப்படை எழுதும் பிள்ளையை அவை தொடுவதில்லை. இலவச மென்பொருள் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களுக்கு ஒன்று: 2004 சுனாமி நம் கரையை அடித்துப்போன பிறகு காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா, கட்டற்ற மென்பொருள்தான். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்கு 2006ல் கிடைத்தது.

நம் பணப்பையைத் தொடும் சண்டைகள் வேறு. ரேமைப் போர்டில் ஒட்டுவது ஒன்று. இன்னொன்று செயற்கை நுண்ணறிவு. கோபைலட் பிளஸ் என்ற முத்திரைக்கு 16 ஜிபி ரேமும் 40 டொப்ஸ் வேகத்தில் என்பியூ என்ற செயற்கை நுண்ணறிவுச் சில்லும் வேண்டும் என்று மைக்ரோசொஃப்ட் 2024ல் சொன்னது. அந்த முத்திரைக்காக ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதீர்கள். மறுபக்கம், அதே செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியில் ரேம் விலை ஏறியது. குருஷல் என்ற பெயரில் நம்மைப்போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரோன், அந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக டிசம்பரில் அறிவித்தது. முன்பெல்லாம் 8 ஜிபியோடு எடுங்கள், பிறகு கூட்டலாம் என்று சொல்வேன். இப்போது 16 ஜிபி ஏற்கெனவே போட்டிருக்கும் மெஷினைத் தேடி எடுப்பதே லாபம்.

மாமா அனுப்பும் பெட்டி பற்றிச் சுருக்கமாக. சார்ஜரில் 100-240 வோல்ட் என்று இருந்தால் நம் 230க்கு ஒத்துவரும், லண்டன் செருகி சதுரத் துளைச் சொக்கெட்டில் நேரடியாகப் பொருந்தும், கனடாவுக்கு அடப்டர் வேண்டும். கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் என்றால் அனுப்புமுன் அதன் தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் தேதியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 2021 முதல் வந்தவற்றுக்குக் கூகுள் பத்து வருடம் தருகிறது, பழையவற்றில் தேதி ஏற்கெனவே போயிருக்கலாம். இணையம் சரியாக இல்லாத வீட்டில் குரோம்புக்கோடு மல்லுக்கட்டுவது வீண். பழைய இன்டெல் மெக்புக் வந்தால் மின்ட் போட்டு உயிர்கொடுக்கலாம், வைஃபைக்கு மட்டும் தனியாக டிரைவர் தேடவேண்டிவரும்.

கரண்டும் ஒரு கணக்கு. 2022ல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். இன்று அப்படியில்லை என்றாலும் மாரியில் இடிமின்னல் தொடங்கினால் செருகியைக் கழற்றிவிட்டுப் பெட்டரியில் வேலை செய்யவேண்டியிருக்கும். மேசைக் கொம்பியூட்டர் காசுக்கு வேகம் கூடியதென்றாலும் அதை இங்கே நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். யூபிஎஸ் சேர்த்தால் மலிவு போய்விடும்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டையும் போடுவதாக இருந்தால் முதலில் வின்டோஸ், பிறகு மின்ட். அதற்கு முன் ஒன்று பார்க்கவேண்டும். வின்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் கணக்கோடு புதிதாகப் போட்டால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். அமைப்புகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்பதைத் திறந்து, பூட்டியிருந்தால் எடுத்துவிட்டுத்தான் டிஸ்கைப் பிரிக்கவேண்டும். எடுக்க விருப்பமில்லையென்றால் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களையும் கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த லெப்டொப்பிலேயே சேமித்து வைத்தால் பூட்டு விழுந்த அன்று எடுக்கமுடியாது.